மரம் ஏறும் மாவுப்பூச்சி



இன்றைய பேச்சு ஒரு பூச்சியைப் பற்றியது. அது சின்னப் பூச்சி. கடிக்காது, கொட்டாது. ஆனாலும் டெல்லியில் வசந்த காலம் வந்துவிட்டால் பல வீடுகளில் அதைப் பற்றித்தான் பேச்சு.

நம் ஊரில் வசந்தம் என்று ஒரு காலம் தனியாகத் தெரிவதில்லை. தை போனால் வெயில் வந்துவிடும். டெல்லியில் அப்படி இல்லை. மார்கழியிலும் தையிலும் கடுங்குளிர். கம்பளி இல்லாமல் வெளியே போக முடியாது. மாசியில் குளிர் குறையும். ஹோலிப் பண்டிகை வரும். மாமரம் பூக்கும். ரோஜா பூக்கும். பூவும் தளிரும் வந்தால் பூச்சியும் வரும். அதற்கும் பசிக்கும் அல்லவா?

பிழைப்புக்காக டெல்லிக்குப் போன தமிழர்கள் நிறையப் பேர் உண்டு. பெண்கள் பலர் வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் சிலர் தோட்ட வேலை செய்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் ஒரு பெரிய வீட்டில் தோட்டக்காரர். அங்கே தோட்டக்காரரை ‘மாலி’ என்பார்கள். மனைவி அதே வீட்டில் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்குகிறார். ஏழு வயதில் ஒரு பையன். வீட்டின் பின்பக்கம் அவர்களுக்கு ஓர் அறை உண்டு.

அந்தத் தோட்டத்தில் இரண்டு மாமரங்கள். ஒரு கொய்யா. ஒரு எலுமிச்சை. முன்னால் புல்தரை. ஓரத்தில் ரோஜாச் செடிகள்.

முன்பக்கத்து மாமரம் வீட்டுக்காரர்களுக்கு. “பின்பக்கத்து மரத்துக் காயை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று வீட்டம்மா சொல்லியிருந்தார். அந்தக் காயை விற்ற காசில்தான் பையனின் பள்ளிச் செலவு. நோட்டு, சீருடை, செருப்பு எல்லாம் அந்த மரம் கொடுப்பது.

ஓர் ஆண்டு அந்த மரம் நன்றாகப் பூத்தது. மாசியில் மரம் முழுவதும் பூ. கணவனுக்கும் மனைவிக்கும் மகிழ்ச்சி. ஆனால் பங்குனியில் பார்த்தால் பூக்கொத்துகள் வாடித் தொங்கின. பிஞ்சு பிடிக்கவில்லை. இலையெல்லாம் பிசுபிசுப்பு. அதன்மேல் அடுப்புக் கரி பூசினாற்போல் கறுப்பு. கொம்புகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பிக் கிடந்தது.

சித்திரை பிறந்தது. அந்த வெள்ளைப் பூச்சிகள் மரத்தை விட்டு இறங்கின. தரையில் ஊர்ந்தன. சுவரில் ஏறின. சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்தன. படுக்கையில் பூச்சி. துணியில் பூச்சி. சப்பாத்தி மாவின் ஓரத்திலும் ஒன்று. வீட்டம்மாவுக்குத் தாங்க முடியவில்லை. “இதற்கு ஏதாவது மருந்து வாங்கி அடி” என்று பணம் கொடுத்தார்.

தோட்டக்காரர் கடைக்குப் போனார். கடைக்காரர் பெரிய டின்னிலிருந்து மருந்தை ஊற்றிக் கொடுத்தார். எதில்? ஒரு பழைய குளிர்பான பாட்டிலில். ‘நல்ல மருந்து, எல்லாம் சாகும்’ என்றார். எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கலப்பது என்று கேட்டதற்கு, ‘ஒரு மூடி ஊற்று, போதாவிட்டால் இரண்டு மூடி’ என்றாராம். இதுதான் அளவு!

அன்று பிற்பகல் அவர் மருந்து அடித்தார். மேலே சட்டை இல்லை. மூக்கில் துணி இல்லை. காற்று எதிரே வீசியது. மாலையில் தலை சுற்றியது. வாயில் எச்சில் ஊறியது. வாந்தி எடுத்தார். ‘வெயில் பட்டது’ என்று படுத்துவிட்டார்.

மிச்ச மருந்து பாட்டிலிலேயே இருந்தது. பாட்டில் சன்னல் விளிம்பில் இருந்தது.

மறுநாள் மதியம் பையன் பள்ளியிலிருந்து வந்தான். நல்ல வெயில். தாகம். சன்னலில் குளிர்பானப் பாட்டில். குழந்தை என்ன நினைப்பான்? எட்டி எடுத்து மூடியைத் திருகினான். அந்த நேரம் அம்மா குடத்தோடு உள்ளே வந்தார். குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிடுங்கினார். பையன் குடிக்கவில்லை. ஆனால் கையில் சிந்தியிருந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டார். சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். கை நடுங்கியது. அவனுக்கல்ல, அவருக்கு.

அந்தத் தாய் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர். கூட்டிக் கூட்டிப் படிப்பார். தெருவில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் நின்று படிக்கும் பழக்கம் அவருக்கு. அன்று அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளிர்பானத்தின் பெயர்தான் இருந்தது. என்ன மருந்து, எவ்வளவு விஷம் என்று ஓர் எழுத்து இல்லை. படித்தவருக்கும் அந்தப் பாட்டில் ஒன்றும் சொல்லாது. படிக்காத குழந்தைக்கோ தப்பாகச் சொல்லும்.

“என்னங்க, இது என்ன மருந்து?” என்று கேட்டார்.

“பூச்சி மருந்து புள்ள.”

“அது தெரியுதுங்க. பேரு என்ன?”

அவருக்குத் தெரியவில்லை.

இது எங்கேயோ ஒரு வீட்டில் நடக்கக்கூடிய கதைதானே என்று எண்ண வேண்டாம். 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் பீகார் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்று ஒரு கிராமம். அங்கே பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்துபோனார்கள். உணவில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து. சமையல் எண்ணெயோடு அது கலந்திருந்தது. பரிசோதனையில் இது தெரிந்தது. மருந்து இருந்த பாத்திரமும் எண்ணெய் இருக்கும் பாத்திரமும் ஒன்றாகிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே விஷத்தை வாங்கினால் மூடி முத்திரை உடையாத டப்பாவாக வாங்க வேண்டும். நம் நாட்டில் பூச்சிமருந்து டப்பாவின்மேல் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணமாக இருக்கும். அந்த முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகமிகக் கொடிய விஷம். மஞ்சள் என்றால் கொடிய விஷம். நீலம் அதற்கு அடுத்தது. பச்சை இவற்றில் குறைந்தது. பச்சை என்றால் குடிக்கலாம் என்று பொருள் இல்லை! அதுவும் விஷம்தான். டப்பாவுடன் மடித்த தாள் ஒன்றும் இருக்கும். அதில் அளவு இருக்கும். விஷம் ஏறினால் கொடுக்கும் மாற்று மருந்தின் பெயரும் இருக்கும். யாருக்காவது தலை சுற்றினால், வாந்தி வந்தால், அந்தத் தாளையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எந்த விஷம் என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. தோட்டக்காரர் ‘வெயில் பட்டது’ என்று படுத்தது பெரிய தப்பு. அவர் பிழைத்தது நல்ல காலம்.

மிச்சம் இருந்த மருந்தை அந்த அம்மாள் சாக்கடையில் ஊற்றவில்லை. கடைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் வாங்க மறுத்தார். “உங்க பிள்ளை குடிச்சிருந்தா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வாங்கிக்கொண்டார்.

சரி, மருந்து அடித்தாரே, பூச்சி செத்ததா? இல்லை. கொஞ்சம் செத்தது. மிச்சம் தன்பாட்டுக்கு ஊர்ந்து போயிற்று. ஏன் சாகவில்லை?

இந்தப் பூச்சிக்கு மாவுப்பூச்சி என்று பெயர். மாமரத்தில் வருவதால் மா மாவுப்பூச்சி என்கிறார்கள். பெண் பூச்சி தட்டையாக, நீள்வட்டமாக, விரல் நகம் அளவு இருக்கும். இறக்கை கிடையாது. உடம்பு முழுவதும் வெள்ளை மாவு. அது மாவு அல்ல, மெழுகு. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டுமா? அதுபோல வளர்ந்த பூச்சியின்மேல் மருந்துத் தண்ணீர் சரியாக ஒட்டாது. ஆண் பூச்சி வேறு மாதிரி. சிவப்பு உடம்பு, கறுப்பு இறக்கை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

மருந்து அடித்த நேரமும் தப்பு. சித்திரையில் பூச்சி இறங்குகிறது என்றால் என்ன பொருள்? அது சாப்பிட்டு முடித்துவிட்டது. பூவின் சாற்றையும் தளிரின் சாற்றையும் உறிஞ்சியாகிவிட்டது. திருடன் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு வீட்டைப் பூட்டுவதுபோலத்தான் இது.

அது எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெண் பூச்சி மண்ணுக்குப் போகிறது. மரத்தடியில் பொலபொலப்பான மண்ணில் நுழைகிறது. நாலு விரல், அரைச் சாண் ஆழம் போகும். பஞ்சுபோல ஒரு பை கட்டும். அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். பிறகு செத்துவிடும். வழி தெரியாமல் அலைகிறவைதான் வீட்டுக்குள் வருகின்றன. அவை வீட்டில் எதையும் தின்பதில்லை. யாரையும் கடிப்பதில்லை. துடைப்பத்தால் கூட்டி, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் போதும். அதற்காக படுக்கையறையில் விஷம் அடிப்பது வீண். ஆனால் கூட்டியதை மறுபடி தோட்டத்தில் கொட்டக் கூடாது. கொட்டினால் நாமே முட்டை இட இடம் கொடுத்ததாகும்.

வைகாசி, ஆனி, ஆடி என்று மாதங்கள் போகும். மழை வரும். குளிர் வரும். முட்டை மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஏறத்தாழ ஏழு மாதம். மார்கழியிலும் தையிலும் முட்டை பொரியும். கடுகளவு குஞ்சுகள் வெளியே வரும். இறக்கை இல்லாததால் அவை பறக்க முடியாது. மேலே போக அவற்றுக்கு உள்ள பெரிய வழி அடிமரம்தான். ஊர்ந்து ஊர்ந்து மரம் ஏறும். தளிருக்குப் போகும். பூ வந்ததும் பூவுக்குப் போகும். சாறு உறிஞ்சி, தேன்போல் ஒரு கழிவை வெளியே விடும். அந்தப் பிசுபிசுப்பில்தான் கரும்பூசணம் படர்கிறது. இலையில் கறுப்பாகத் தெரிந்தது அதுதான்.

ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். ஒரு தடவைதான் ஏறும். ஒரு தடவைதான் இறங்கும்.

இதைத் தோட்டக்காரருக்குச் சொன்னவர் பக்கத்துத் தெருவில் வேலை செய்த ஒரு கிழவர். அவரும் மாலிதான். லக்னோவுக்குப் பக்கத்தில் மலிஹாபாத் என்று ஓர் ஊர். தசேரி மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்து மாந்தோப்புகளில் வளர்ந்தவர். ‘மேலே ஏறிய பிறகு அதோடு சண்டை போடாதே. ஏறும்போது வழியை அடை’ என்றார் அவர்.

வழியை எப்படி அடைப்பது? கார்த்திகை முடிவதற்குள், அதாவது டிசம்பர் நடுவில், ஒரு பாலித்தீன் தாள் வாங்க வேண்டும். கொஞ்சம் தடிப்பான தாள். கடையில் 400 கேஜ் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஓர் அடி அகலத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். மேலே ஒரு சணல் கயிறு, கீழே ஒரு சணல் கயிறு. தாள் வழுவழுப்பாக இருப்பதால் குஞ்சு வழுக்கி விழும்.

ஆனால் மாமரத்துப் பட்டை வெடிப்பு வெடிப்பாக இருக்கும். தாளைச் சும்மா சுற்றினால் வெடிப்பு வழியாக உள்ளே நுழைந்து மேலே போய்விடும். ஆகவே முதலில் களிமண்ணைக் குழைத்து வெடிப்புகளில் அப்ப வேண்டும். அதன்மேல் தாளைச் சுற்ற வேண்டும். தாளின் கீழ் விளிம்பில், தாளின்மேல், கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். வண்டிக்குப் போடுகிற கிரீஸ்தான். மரப்பட்டையில் நேராகக் கிரீஸ் பூசுகிறவர்கள் உண்டு. அது மரத்துக்குக் கெடுதல்.

தாளும் கயிறும் கிரீஸும் சேர்த்து ஆகும் செலவு, அந்த விஷத்துக்கு ஆன செலவைவிடக் குறைவு.

அந்த ஆண்டே அவர்கள் இரண்டு மரத்துக்கும் கட்டினார்கள். கணவர் கயிறு கட்ட, மனைவி மண் அப்பினார். தை மாதம் பார்த்தால் தாளுக்குக் கீழே குஞ்சுகள் கும்பலாக நின்றன. பழைய துணியால் வழித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டார்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். அது அந்த அம்மாளின் வேலையாயிற்று. பையனும் எண்ணிக்கொண்டு நிற்பான்.

முன்பக்கத்து மரம் தப்பியது. பின்பக்கத்து மரத்தில் மறுபடியும் பூச்சி! தாள் சரியாகத்தான் இருந்தது. பிறகு எப்படி ஏறிற்று? இரண்டு நாள் யோசித்தார்கள். அந்த அம்மாள்தான் கண்டுபிடித்தார். பின்பக்கத்து மரத்தின் ஒரு கொம்பு மதில் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. குஞ்சுகள் சுவரில் ஏறி, கொம்பைப் பிடித்து, மரத்துக்குப் போயிருந்தன. வாசலைப் பூட்டினார்கள், கொல்லையைத் திறந்து போட்டார்கள். அன்றே அந்தக் கொம்பை வெட்டினார்கள். அந்த ஆண்டு பின்பக்கத்து மரத்தில் பாதிக் காய்தான். பாதியாவது கிடைத்தது.

பூச்சிக்குப் பூச்சியே எதிரி என்பதையும் சொல்ல வேண்டும். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி வந்தது. அது வேறு இனம், வெளிநாட்டிலிருந்து வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் அழித்தது. உழவர்கள் மருந்து அடித்து அடித்துச் சோர்ந்தார்கள். 2010இல் அதன் எதிரியான மிகச் சிறிய குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோ என்னும் தீவிலிருந்து வரவழைத்தார்கள். பெங்களூரில் வளர்த்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெருக்கி உழவர்களுக்குக் கொடுத்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அங்கே மருந்து அடித்திருந்தால் குளவிதான் முதலில் செத்திருக்கும்.

இதே தப்பைத்தான் ரோஜாச் செடியிலும் செய்கிறோம். மாசி, பங்குனியில் ரோஜா மொட்டில் பச்சைப் பச்சையாகச் சின்னப் பூச்சிகள் அப்பும். அசுவினி என்று பெயர். அதைத் தின்ன வருவது பொறிவண்டு. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி உள்ள வண்டு. அதை எல்லோருக்கும் பிடிக்கும், குழந்தைகள் கையில் வைத்து விளையாடுவார்கள். ஆனால் அதன் குஞ்சு அழகாக இருக்காது. கறுப்பாக, நீளமாக, குட்டி முதலை போல இருக்கும். ‘ஐயோ புழு’ என்று நசுக்கிவிடுகிறோம். அசுவினியை அதிகம் தின்பது அந்தக் குட்டி முதலைதான். அதை விட்டுவிடுங்கள். அசுவினி மிஞ்சினால் குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், உதிர்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம்.

புல்தரைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த சருகையும் மட்கிய கட்டையையும் குவித்து வைத்தால் கறையான் வரும். அவ்வளவுதான்.

வீட்டுக்குள் பயப்பட வேண்டிய பூச்சி வேறு. அது கொசு. டெல்லியில் சித்திரை வந்ததும் எல்லா வீட்டிலும் கூலரைத் துடைத்து வைப்பார்கள். தண்ணீர் ஊற்றி ஓட்டும் காற்றுப் பெட்டி அது. அந்தத் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டை இடும். ஏழெட்டு நாளிலேயே முட்டை கொசுவாகிவிடும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீரை முழுவதும் வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, காயவைத்துப் பிறகு ஊற்ற வேண்டும். தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்க்க வேண்டும். மாவுப்பூச்சியைப் பார்த்து அலறிய வீட்டம்மா கூலரை மாதக்கணக்கில் கழுவாமல் வைத்திருந்தார். அதை அந்த அம்மாள்தான் ஞாயிறுதோறும் கழுவ ஆரம்பித்தார்.

மறுபடியும் மாமரத்துக்கு வருவோம். தாள் கட்டுவது பாதி வேலை. வைகாசி வெயிலில் மீதி வேலை இருக்கிறது. மரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டும். உள்ளே இருக்கும் முட்டைப் பைகள் மேலே வரும். வெயிலில் காயும். மைனாவும் காக்கையும் வந்து பொறுக்கும். பெரிய வேரை வெட்டாமல் கொத்த வேண்டும்.

அந்த வைகாசியில் தோட்டக்காரர் விடியற்காலையில் கொத்தினார். மனைவி வேலைக்குப் போகும் முன் வந்து பார்த்தார். புரட்டிய மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுப் பைகள். ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே இளஞ்சிவப்பாக முட்டைகள், கேழ்வரகைவிடச் சின்னவை.

“இவ்வளவா!” என்றார்.

“இது ஒரு பைதான் புள்ள. இன்னும் அந்தப் பக்கம் கொத்தல.”

அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மதிலோரம் போனார். சென்ற ஆண்டு பூச்சி ஏறிய சுவர் அது. அதன் அடியிலிருந்து கொத்தத் தொடங்கினார். பையன் ஒரு தகர டப்பாவோடு பின்னால் போனான். டப்பாவில் சோப்புத் தண்ணீர். அதன்மேல் அவன் அம்மா கரியால் தமிழில் எழுதியிருந்தார், ‘பூச்சித் தண்ணீர், குடிக்காதே’ என்று.